நகத்துக்குள் நுழையாத மருந்து

நகச்சொத்தை, படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் என்று எது வந்தாலும் நம் வீடுகளில் முதலில் கை போவது அடுப்படிக்கும் கொல்லைப்புறத்துக்கும்தான். பூண்டை நசுக்கித் தேய்ப்பார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். குப்பைமேனிச் சாற்றில் உப்புச் சேர்த்துத் தடவுவார்கள். கேட்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு ட்யூப். அதுவும் கேட்காவிட்டால்தான் மருத்துவர். இதைப் பற்றிய பேச்செல்லாம் நாட்டு மருந்து உயர்ந்ததா, இங்கிலீஷ் மருந்து உயர்ந்ததா என்ற வழக்காகவே முடிந்துவிடுகிறது. அந்த வழக்கில் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் நோயாளிக்கு லாபமில்லை என்பது என் கருத்து. கேட்க வேண்டியவை வேறு: இது என்ன நோய், உடம்பில் எந்த ஆழத்தில் குடியிருக்கிறது, போடும் மருந்து அந்த இடத்தைச் சென்று சேர்கிறதா, சேர்ந்தபின் போதிய நாள் அங்கே நிற்கிறதா? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாட்டு மருந்துகளில் சில மதிப்புடன் நிற்கும், பல விழும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சில களிம்புகள் எல்லாவற்றையும்விடக் கீழே விழும்.

படர்தாமரையையும் பெரும்பாலான நகச்சொத்தையையும் உண்டாக்குவது ஒரே குடும்பத்துப் பூஞ்சைகள். தோலின் மேலடுக்கு, நகம், முடி மூன்றுக்கும் அடிப்படையான கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. உயிருள்ள திசுவுக்குள் அவை அநேகமாகப் போவதில்லை. இறந்துபோன மேல்தோலிலேயே தங்கிவிடும். அந்த மேல்தோல் உடம்பின் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான் தடிமன். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானே உதிர்ந்து புதிதாகிவிடும். நகத்தின் நிலை வேறு. விரல் நகம் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்; கால் நகம் அதைவிடக் கனம். பூஞ்சை இருப்பதோ பெரும்பாலும் அந்தத் தகட்டுக்கு அடியில், நகப்படுகையில். விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் வளரும். கால் பெருவிரல் நகம் அதில் பாதிகூட வளராது. முழு நகம் மாற விரலுக்கு ஆறு மாதம், காலுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. ஆகவே கிருமி ஒன்றேயானாலும் தோலில் வந்தால் ஒரு நோய், நகத்தில் வந்தால் இன்னொரு நோய். வீட்டு வைத்தியத்தைப் புகழ்கிறவர்களும் இகழ்கிறவர்களும் இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே பேசுகிறார்கள்.

முதலில் தோல். இங்கே தாவரங்களுக்குச் சொல்ல நியாயம் உண்டு. வண்டுகொல்லி என்றும் சீமை அகத்தி என்றும் நாம் சொல்லும் செடியின் இலையைப் படைக்கும் தேமலுக்கும் அரைத்துப் பூசும் வழக்கம் தென்னிந்தியாவில் மட்டுமல்ல, தென்கிழக்கு ஆசியா முழுக்கவும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை தான் பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளின் பட்டியலில் இதைப் பூஞ்சைத் தோல் நோய்க்கென்றே வைத்திருக்கிறது. இலையின் சாறு தேமலுக்குப் பயன்படுவதைக் குறித்து 1994-இல் வெளியான ஆய்வறிக்கை பத்தாண்டு மனிதப் பயன்பாட்டை ஆதாரமாகக் காட்டுகிறது. இலையில் இருக்கும் கிரைசோஃபானிக் அமிலமும் அதன் உறவு வேதிப்பொருள்களும் மருத்துவ வரலாற்றுக்குப் புதியவை அல்ல. பிரேசில் நாட்டு ஆரரோபா மரத்தின் பொடி போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து, ‘கோவாப் பொடி’ என்ற பெயரிலேயே 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் படை மருந்தாகப் போனது. அதில் இருந்ததும் இதே இனப் பொருள்தான். முதல் உலகப் போரில் அந்தப் பொடி கிடைக்காமல் போனபோது ஜெர்மானியர் 1916-இல் ஆய்வகத்தில் செய்துகொண்ட மாற்று டைத்ரனால். அது இன்றும் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, மருந்து. கொல்லைச் செடிக்கும் மருத்துவமனை ஆயின்மென்டுக்கும் இடையில் இப்படிப்பட்ட ஒரு நேர்வழி இருக்கும்போது, இலை வைத்தியம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது அறிவியல் ஆகாது.

பூண்டுக்கும் ஒரு சான்று உண்டு. பூண்டிலிருந்து பிரித்தெடுத்த அஜோயீன் என்ற பொருளை 0.6 சதவீதக் களிம்பாக்கி, உடம்பிலும் தொடையிடுக்கிலும் படை வந்த 60 படைவீரர்களிடம் டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்போடு ஒப்பிட்ட வெனிசுவேலா ஆய்வு 1999-இல் வந்தது. சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பத்தில் ஏழு பேருக்குக் குணம். சிறிய ஆய்வுதான், ஆனால் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. இதைப் படித்துவிட்டுப் பச்சைப் பூண்டை நசுக்கித் தொடையில் கட்டிக்கொள்பவருக்கு நேர்வது வேறு. பச்சைப் பூண்டு சில மணி நேரத்தில் தோலை வேகவைத்துக் கொப்புளம் ஆக்கும் என்பதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அளவிட்டுப் பிரித்த பொருளுக்கும் அம்மியில் அரைத்த விழுதுக்கும் உள்ள தூரத்தைத்தான் இது காட்டுகிறது. செடியின் வயது, பறித்த பருவம், காய்ந்ததா பச்சையா என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். சித்த மருத்துவர்கள் பறிக்கும் காலத்தையும் சுத்தி முறையையும் வலியுறுத்தியது இதனால்தான். செல்பேசியில் வரும் குறிப்பில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் வருவதில்லை.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் ஆய்வகத்தில் பூஞ்சையைக் கொல்வதாக நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. கண்ணாடித் தட்டில் வளரும் பூஞ்சையைக் கொல்வது எளிது. உப்பும் வினிகரும்கூட அங்கே கொல்லும். தோலில் மருந்து நோயின் விளிம்பையும் தாண்டிப் பரவ வேண்டும், வியர்வையில் கரைந்து போகாமல் நிற்க வேண்டும், நோய்க்குறி மறைந்தபின்னும் ஓரிரு வாரம் தொடர வேண்டும். தட்டில் காட்டிய வித்தையைத் தோலில் காட்டியதா என்று கேட்டால் பெரும்பாலான மூலிகைகளுக்குப் பதில் சொல்லும் ஆய்வு நடக்கவே இல்லை. ஆய்வு நடக்கவில்லை என்பதால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பயன் உண்டு என்று விளம்பரம் செய்வதற்கு அது இடம் தராது என்கிறேன்.

நகத்துக்கு வந்தால் என் தீர்ப்பு கடுமையானது. நகத்தைத் துளைத்துச் செல்வதற்கென்றே வடிவமைத்த மருந்துகளே அங்கே தடுமாறுகின்றன. சிக்ளோபிராக்ஸ் நகப்பூச்சை ஓராண்டு வரை தினமும் தடவியும் முழுமையாகக் குணமானவர் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தொடவில்லை. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃபினகோனசோல் திரவத்தை 48 வாரம் போட்டபின் நூற்றில் 15 முதல் 18 பேர். மருந்தில்லாத வெறும் திரவம் போட்டவர்களில் 3 முதல் 6 பேர். வாய்வழி டெர்பினாஃபின் ரத்தத்தின் வழியாக நகப்படுகைக்கு உள்ளிருந்தே போகிறது. அதனால் 12 வாரம் சாப்பிட்ட கால் நக நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்குப் பூஞ்சை மறைந்தது; நகம் முழுதும் தெளிந்தது நூற்றில் 38 பேருக்கே. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு வினிகரையும் பூண்டையும் எண்ணிப் பாருங்கள். தேயிலை மர எண்ணெய் என்று விற்கப்படும் ஆஸ்திரேலிய எண்ணெயை 117 பேரிடம் ஆறு மாதம் சோதித்த 1994 ஆய்வை அதன் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள், க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக்குச் சமமாக வேலை செய்தது என்று. பூஞ்சை ஒழிந்தது எண்ணெய்ப் பக்கம் நூற்றில் 18, க்ளோட்ரிமசோல் பக்கம் 11. சமம்தான், நகத்தில் எடுபடாத ஒரு மருந்துக்குச் சமம். மருதாணி நகத்தில் சிவப்பாக ஏறுவதால் மருந்தும் ஏறுகிறது என்று நினைப்பது இயல்பு. நிறம் பிடிப்பது மேல்தகட்டை; பூஞ்சை இருப்பது கீழே. சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்கில் வைக்கும் மருதாணியின் கதை வேறு, அங்கே அது தோலைத் தொடுகிறது. வினிகருக்கும் ஓர் இடம் உண்டு: நகம் பச்சையாகும் பாக்டீரியா நோயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். நிறம் மாறிய நகமெல்லாம் பூஞ்சை என்று நினைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

தெரியாததுதான் பிரச்சினையின் வேர். தடித்துச் சிதைந்து வரும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருவது. மீதி சோரியாசிஸ், செருப்பின் அழுத்தம், பழைய அடி, வேறு தோல் நோய்கள். சுசுருதர் குனகம் என்று ஒரு நக நோயை விவரித்து, அடிபடுவதால் நகம் கறுத்துச் சொரசொரப்பாகிக் கடினமாவதாகச் சொல்லியிருப்பது இந்த விஷயத்தில் இன்றைய வீட்டுக் குறிப்புகளைவிடக் கூர்மையானது. தோலிலும் இதே குழப்பம்தான். லண்டனில் பால்மானோ ஸ்குவைர் என்ற மருத்துவர் 1876-இல் கோவாப் பொடி சோரியாசிஸைக் குணமாக்குவதைக் கண்டதே, அந்த நோயாளிக்கு வந்தது படை என்று தவறாக எண்ணிப் பொடியைப் பூசியதால்தான். அந்தத் தவறு நன்மையில் முடிந்தது. எல்லாத் தவறும் அப்படி முடிவதில்லை. தேமலை உண்டாக்கும் மலசீசியா கொழுப்பைத் தின்று வளரும் உயிரி. ஆய்வகத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அந்தத் தேமலின்மேல் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டுக் குணமாகவில்லையே என்று வருந்தும் குடும்பங்கள் எத்தனை! அதே தேங்காய் எண்ணெய், அரிப்புக் கரப்பான் வந்த குழந்தைகளுக்கு நல்லது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த ஒப்பீட்டில் அது கனிம எண்ணெயை வென்றது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் எண்ணெயைச் சித்த மருத்துவம் காளாஞ்சகப்படைக்குத் தருகிறது. அதையே ஊரில் எல்லாப் படைக்கும் பூசுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தொழுநோய். வெளிறிய, உணர்ச்சி மங்கிய ஒரு திட்டைத் தேமல் என்று நினைத்து மாதக்கணக்கில் இலை பூசுபவருக்கு நரம்பு போய்க்கொண்டே இருக்கும். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இவ்வளவு சொன்னபின் மருந்துக்கடைக்கும் நீதி வழங்க வேண்டும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் படர்தாமரை பழைய நோயாக இல்லை. இரண்டு வாரத்தில் போக வேண்டியது மாதக்கணக்கில் நிற்கிறது, வீடு முழுக்கப் பரவுகிறது, மாத்திரைக்கு மசிவதில்லை. இதன் பின்னே இருக்கும் பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். இந்தியாவின் பெயர் அதில் பதிந்துவிட்டது. டெர்பினாஃபினுக்கு அடங்காத வகைகள் அதில் அதிகம். 2023-இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. இந்தப் பரவலுக்குத் தோல் மருத்துவர்கள் சுட்டும் காரணங்களில் முதன்மையானது, வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் சேர்த்துக் கலந்து விற்கும் களிம்பு. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கும். அத்தோடு பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கும். வட்டம் கலைந்து, விளிம்பு மறைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாத படையாக மாறிவிடும். இந்த மாறுவேடத்தைப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1968-லேயே விவரித்துவிட்டார்கள். இந்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தது 2018-இல். கடைகளில் இன்றும் சீட்டுக் கேட்பவர் குறைவு. படர்தாமரைக்குச் சீமை அகத்தி பூசுபவர், மிஞ்சிப்போனால் காலம் கடத்துகிறார். ஸ்டீராய்டு களிம்பு பூசுபவர் நோயை வளர்க்கிறார். தொடையில் வரிவரியாகத் தோல் கிழிந்து மெலிவதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். மூலிகை என்று எழுதியிருந்தால் இந்த ஆபத்து இல்லை என்றும் நம்ப முடியாது. லண்டனில் 1999-இல் பதினொரு சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. ‘இயற்கை’ மருந்து ஒன்று இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தினால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவது நல்லது.

தலைமுறை தலைமுறையாகப் பார்த்துச் சேர்த்த அனுபவம் பொய்யாகுமா என்ற கேள்விதான் இதில் எனக்கு மிகவும் முக்கியமானது. அனுபவம் எதை நன்றாகக் காணும், எதைக் காணாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கொப்புளம், எரிச்சல், நிறமாற்றம் போல விரைவாக வருவதை அது பிழையின்றிக் காணும். கோடையில் ஏறிப் பனியில் இறங்கும் படையில், இறங்கியது மருந்தாலா பருவத்தாலா என்று அதனால் பிரிக்க முடியாது. ஒன்றரை ஆண்டு வளரும் நகத்தில் நிச்சயம் முடியாது. நம் மரபின் பெரிய வெற்றிகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் இருக்கின்றன. வெண்படைக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னார்கள். அந்த விதையிலிருந்து சோராலென் 1930-களில் பிரித்தெடுக்கப்பட்டது. எகிப்தில் இன்னொரு செடியிலிருந்து கிடைத்த அதன் உறவுப் பொருளை வைத்து 1940-களில் வெண்படை சிகிச்சை வளர்ந்தது. 1970-களில் சோராலெனோடு புறஊதாக் கதிரைச் சேர்க்கும் முறை உலகமெங்கும் பரவியது. கார்போகரிசி மெய்யான மருந்து. ஆகவேதான் அளவு தெரியாமல் பூசி நண்பகல் வெயிலில் நிற்பவரின் தோலை அது சுட்டுவிடுகிறது. நீரடிமுத்தின் வரலாறு இன்னும் அழுத்தமானது. தொழுநோய்க்கு நம் வைத்தியர்கள் தந்துவந்த இந்த வகை எண்ணெயை ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் 1915-ஐ ஒட்டி ஊசியாகப் போடும் வடிவுக்கு மாற்றினார். கால் நூற்றாண்டு உலகம் அதையே நம்பியிருந்தது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன, 1982 முதல் கூட்டு மருந்து முறை வந்தது. நீரடிமுத்து ஓய்வு பெற்றது. தன் காலத்தில் இருந்ததில் சிறந்ததாக இருந்து, மேலானது வந்ததும் இடம் கொடுத்த ஒரு மருந்துக்கு அதில் அவமானம் ஏதுமில்லை. நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்துத் தன் எல்லையைத் தானே சொன்னவை பழைய நூல்கள். எல்லாம் தீரும் என்கிற குரல் அந்த நூல்களுடையது இல்லை.

சிகிச்சை வெளிப்பூச்சோடு நிற்பதில்லை; ரத்தத்தைச் சுத்தி செய்யும் உள்மருந்தும் பத்தியமும் சேர்ந்ததே முழு வைத்தியம் என்று சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் மறுக்கலாம். கரப்பானிலும் காளாஞ்சகப்படையிலும் இந்த முழுமைப் பார்வைக்கு இடம் இருக்கிறது. அவை உடலின் உள்ளிருந்து எழுபவை. பூஞ்சை வெளியிலிருந்து வந்து இறந்த தோலைத் தின்பது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துவதால் அது பட்டினி கிடக்காது. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பது உதவும், அது வேறு காரணத்தால். உள்மருந்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை 2004-இல் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. விரலளவு படைக்காக அந்த அபாயத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. டெர்பினாஃபினும் ஈரலைப் பாதிக்குமே என்றால், ஆம், அரிதாகப் பாதிக்கும்; அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, மருத்துவருக்குப் பொறுப்பு உண்டு, மாத்திரையில் என்ன எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது.

செடிக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் எந்தக் கம்பெனியும் ஆய்வுக்குப் பணம் போடாது, பிறகு சான்று எங்கிருந்து வரும் என்ற குறையில் முழு நியாயம் இருக்கிறது. அதற்கான பதில் அரசிடம். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கெல்லாம் படர்தாமரையோடு வரும் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. தரப்படுத்திய சீமை அகத்திக் களிம்பையும் சாதாரண க்ளோட்ரிமசோல் களிம்பையும் நான்கு வாரம் ஒப்பிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். கோடிகள் செலவாகும் ஆய்வு இல்லை இது. டெர்பினாஃபின் தோற்றுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், வேறு வழியில் பூஞ்சையைத் தாக்கும் ஒரு மேற்பூச்சுக் கிடைத்தால் அதனால் சித்த மருத்துவத்துக்கு மட்டுமா நன்மை?

அதுவரைக்கும் வீட்டில் என்ன செய்வது? உடம்பில் சிறிய வட்டமாக வந்த படைக்கு, சர்க்கரை நோய் இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெரியவர் சீமை அகத்தியை இரண்டு வாரம் பூசிப் பார்ப்பதில் தவறில்லை. எரிந்தால் நிறுத்த வேண்டும், பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். முகம், தொடையிடுக்கு, குழந்தை, நகம், உணர்ச்சி குறைந்த திட்டு ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. சர்க்கரை நோயாளியின் கால் விரலில் எந்தச் சாற்றையும் ஊற்றக் கூடாது, வெந்நீரில் ஊறவைக்கவும் கூடாது. சுட்டது அவருக்குத் தெரியாது, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகே தெரியும். எந்த மருந்தானாலும் துண்டும் உள்ளாடையும் தனியாக இருக்க வேண்டும், துணியை வெயிலில் உலர்த்த வேண்டும், ஒரே நேரத்தில் வீட்டில் உள்ள அனைவருக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். தோல் நோய் தொட்டும், படுக்கையையும் உடையையும் பகிர்ந்தும் தொற்றும் என்று சுசுருத சம்ஹிதை சொல்லி நெடுங்காலம் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு புட்டியும், சுரண்டலைப் பார்க்கப் பழகிய ஓர் ஆய்வக நுட்பரும் கிடைத்துவிட்டால், நகத்துக்கு ஓராண்டு வேப்பெண்ணெய் தடவுவதா, மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுவதா, அது பூஞ்சையே இல்லையா என்பது அன்று பகலுக்குள் தெரிந்துவிடும்.